தரகருக்கும் தராதரம் வேண்டும்!

திருவெறும்பூர் ஆலையிலே பாய்லர் குழாயில் ஒரு பற்று வைக்கவேண்டுமானால், வைக்கிற தொழிலாளி தேர்வு கொடுத்துத் தேறியவனாக இருக்கவேண்டும். 1950ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் ஒழுங்குமுறைகள் அப்படிச் சொல்லுகின்றன. தேறாதவன் கையில் பற்றவைப்புக் கம்பியைக் கொடுத்தால் குழாய் வெடிக்கும், உயிர் போகும். ஆகவே தேர்வு! ஆகவே சான்றிதழ்! நியாயந்தான். மறுப்பார் யார்?

ஆட்டோ ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும். வயர்மேனுக்குத் தகுதிச் சான்று வேண்டும். மருந்துக் கடையிலே மாத்திரை எடுத்துத் தருகிறவர் படித்துப் பதிவு செய்தவராக இருக்கவேண்டும். நூறு ரூபாய்ப் பிரீமியத்துக்கு ஆள் பிடிக்கிற இன்சூரன்ஸ் ஏஜெண்டுகூடப் பரீட்சை எழுதித்தான் ஏஜெண்டாக முடியும். பதிவு அலுவலகத்து வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவருக்கும் உரிமம் உண்டு.

ஆனால், முப்பத்தைந்து ஆண்டு உழைத்துச் சேர்த்த சேமநிதியையும் பணிக்கொடையையும் ஒரே நாளில் ஒரு துண்டு நிலத்தின்மீது கொட்டச் சொல்லுகிறாரே ஒருவர் — "நம்பி வாங்குங்கண்ணே, நான் இருக்கேன்" என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுகிறாரே — அந்த மனைத் தரகருக்கு என்ன தேர்வு? என்ன தகுதி? யார் கொடுத்த சான்று?

ஒன்றுமில்லை! ஒரு செல்பேசி, ஒரு மோட்டார் சைக்கிள், வெள்ளை வேட்டி சட்டை, நாலு பேரைத் தெரியும் என்கிற துணிவு. இவை இருந்தால் போதும், அவர் தரகர். நாளைக் காலையில் நீங்களும் ஆகலாம், நாமும் ஆகலாம்.

பாய்லர் வெடித்தால் ஊருக்கே சத்தம் கேட்கும். ஒரு தொழிலாளியின் வாழ்நாள் சேமிப்பு வெடித்தால், அவன் வீட்டுத் திண்ணையைத் தாண்டிச் சத்தம் வருவதில்லை. அதனால்தானே இத்தனை காலம் இது யார் கண்ணையும் உறுத்தாமல் இருந்தது?

தரகர் நம் பகைவர் அல்லர்

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தரகுத் தொழிலைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. விற்கிறவனுக்கு வாங்குகிறவனைத் தெரியாது. வாங்குகிறவனுக்கு ஊர் தெரியாது, விலை தெரியாது. இருவரையும் ஒரு மேசைக்கு முன்னால் கொண்டுவந்து உட்காரவைப்பது ஒரு வேலைதான். அதற்குக் கூலியும் நியாயந்தான்.

திருச்சியிலே யார் இந்த வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். பாலக்கரையிலும் உறையூரிலும் எடமலைப்பட்டி புதூரிலும் தரகு பார்க்கிறவர்களில் பலர் நம்மைப் போன்றவர்கள்தாம். வேலை போனவர், ஓய்வு பெற்றவர், தேநீர்க் கடை வைத்திருப்பவர், சலூன் நடத்துகிறவர், தையல் தைக்கிறவர். பகலெல்லாம் வெயிலில் அலைந்து பத்து வீடு காட்டி, ஒன்றும் முடியாமல் பெட்ரோல் செலவோடு வீடு திரும்புகிற தரகர்கள் ஏராளம். முடிந்த பிறகு, "உன் கமிஷனை அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று விரட்டப்படுகிறவர்களும் அவர்களே. எழுதின ஒப்பந்தம் இல்லாததால் அவர்களுக்கும் கேட்க நாதியில்லை.

ஆக, முறையில்லாமையால் நட்டம் வாங்குகிறவனுக்கு மட்டும் அல்ல. நேர்மையாகத் தொழில் செய்கிற தரகருக்கும் நட்டம். லாபம் யாருக்கு? பொய் சொல்லுகிறவனுக்கு மட்டுமே!

எப்படி ஏமாறுகிறோம்?

பொன்மலைப் பணிமனையில் உழைத்து ஓய்வு பெறுகிற ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். கையில் 20 லட்சம் ரூபாய் வருகிறது. அதுவரை இத்தனை பணத்தை அவர் ஒருசேரப் பார்த்ததே இல்லை. பணம் வருகிற செய்தி அவருக்குத் தெரிவதற்கு முன்னே தரகருக்குத் தெரிந்துவிடுகிறது!

"அண்ணே, பஞ்சப்பூர்ப் பக்கம் ஒரு இடம் இருக்கு. பஸ் ஸ்டாண்டு வந்தாச்சு. இன்னிக்கு விட்டா நாளைக்குக் கிடைக்காது."

பஞ்சப்பூரில் 2025 மே மாதம் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறக்கப்பட்டது உண்மை. அந்த உண்மையைத் தூண்டிலாக்கி, அதிலிருந்து எத்தனையோ கல் தொலைவில் உள்ள தரிசையும் "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்று விற்கலாம் அல்லவா? பொய்க்கு எப்போதும் ஒரு சிறு உண்மை வேண்டும், பாலுக்கு உறை மோர் போல.

அடுத்தது டோக்கன் அட்வான்ஸ். "ஐம்பதாயிரம் கொடுத்து வையுங்கண்ணே, பார்ட்டி வேறே இடத்துக்குப் போயிடுவார்." ரசீது உண்டா? இல்லை. யாரிடம் கொடுத்தோம்? தரகரிடம். தரகர் யாரிடம் கொடுத்தார்? தெரியாது. மனை வாங்கும் முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று வருமானவரிச் சட்டத்திலே 2015 ஜூன் 1 முதல் விதி இருக்கிறது. அந்தச் செய்தியைத் தரகர் சொல்லமாட்டார். சொன்னால் அவர் கைக்குப் பணம் வராது!

மூன்றாவது, இரட்டை விலை. விற்கிறவரிடம் 15 லட்சம் என்று பேசுவது, வாங்குகிறவரிடம் 18 லட்சம் என்று சொல்லுவது, நடுவிலே நிற்கிற 3 லட்சத்தைச் சத்தமில்லாமல் விழுங்குவது, அதற்கு மேலும் இருபுறமும் கமிஷன் கேட்பது. இதை நம் ஊரில் சிலர் "சாமர்த்தியம்" என்கிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முகவராக நியமிக்கப்பட்டவன், தன்னை நியமித்தவனுக்குத் தெரியாமல் தன் கணக்கில் வியாபாரம் செய்து அடித்த லாபம், நியமித்தவனுக்கே சேரவேண்டும் என்கிறது அந்தச் சட்டம். சட்டம் பிறந்து ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. நம் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை!

நான்காவது, பவர் பத்திரம். "பவர் இருக்கு, போதும்" என்று சொல்லி, பொது அதிகாரப் பத்திரத்தையே விற்பனைப் பத்திரம் போலக் காட்டி, பணத்தை வாங்குவது. பவர் பத்திரமும் விற்பனை உடன்படிக்கையும் உரிமையை மாற்றாது; முறைப்படி பதிந்த கிரயப் பத்திரமே மாற்றும் என்று உச்சநீதிமன்றம் 2011 அக்டோபரில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த பிறகும் பவர் வியாபாரம் நின்றதா? இல்லை, பேச்சு மட்டும் இனிப்பாயிற்று.

ஐந்தாவது, அங்கீகாரம் இல்லாத மனை. வாய்க்கால் பாய்ந்த வயலிலே கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, மனைப் பிரிவு என்று விற்ற கதை தமிழ்நாடு முழுவதும் நடந்தது. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. 2017 மே மாதம் சர்க்கார் வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்து, பழைய மனைகளுக்குக் கட்டணம் கட்டி அங்கீகாரம் பெற வழி செய்தது. அந்தக் கட்டணத்தைக் கட்டியது யார்? வாங்கி ஏமாந்தவன்! விற்றுக் கொடுத்த தரகர் கமிஷனில் ஒரு காசாவது திரும்பிற்றா? இல்லை.

திருவரங்கத்துத் தெருவிலே

ஆற்றைத் தாண்டித் திருவரங்கத்துக்கு வருவோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவு. 1994இல் திருச்சி மாநகராட்சியோடு இணைந்த ஊர். ஏழு மதில்கள், மதில்களுக்கு உள்ளேயே உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளைந்தான் வீதி என்று மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிற வீதிகள்.

இங்கே வீடு வாங்குவது மற்ற ஊரில் வாங்குவது போன்றதன்று. "அடிமனை" என்று ஒரு சொல் உண்டு. கட்டிடம் ஒருவருடையது, கட்டிடம் நிற்கிற மண் கோயிலுடையது. இந்த மண் யாருடையது என்பதிலே குடியிருப்போருக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் நெடுங்காலமாக வழக்கு, வாதம், போராட்டம். பத்திரம் பதிய முடியாமல், விற்க முடியாமல், மகள் திருமணத்துக்கு அடகு வைக்க முடியாமல் மக்கள் தவித்தது ஊரறிந்த செய்தி.

அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல இந்தக் கட்டுரை வரவில்லை. நாம் கேட்பது வேறு. 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் 34ஆவது பிரிவின்படி, கோயில் நிலத்தை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்கமுடியாது. பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி, உரிய அனுமதி இல்லாவிட்டால் பத்திரமும் பதிய முடியாது. கோயில் சொத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரம்புச் சட்டம் பொருந்தாது. எத்தனை ஆண்டு குடியிருந்தோம் என்பது அங்கே கேடயம் ஆகாது. இவ்வளவும் தெரிந்த தரகர் எத்தனை பேர்? தெரிந்தும் வாயைத் திறக்கிற தரகர் எத்தனை பேர்?

"கோபுர தரிசனம் வாசலிலேயே" என்று சொல்லத் தெரிகிறது. "அடிமனை யாருடையது?" என்ற கேள்விக்கு மட்டும் "அதெல்லாம் பார்த்துக்கலாம்ண்ணே" என்ற பதில் வருகிறது! பார்த்துக்கொள்ளப் போவது யார்? பணம் கொடுத்தவன் மகனும் பேரனும், நீதிமன்றத்து வராந்தாவில்!

கொள்ளிடக் கரையோரம் போனால் இன்னொரு கேள்வி. 1977 நவம்பரில் திருச்சி மூழ்கியதைப் பெரியவர்கள் மறக்கவில்லை. 2005இலும் வெள்ளம் வந்தது. எந்த மனையில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும்; தரகருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து வந்து வாங்குகிறவருக்கு மட்டும் தெரியாது. கோடையிலே அழைத்துப் போய் இடத்தைக் காட்டினால் எந்தத் தாழ்நிலமும் மேட்டுநிலம்தான்!

பதிவு அலுவலகம் காப்பாற்றுமா?

"சர்க்கார் முத்திரை குத்திப் பதிந்துவிட்டார்களே, இனி என்ன பயம்?" என்று நம் தோழர்கள் பலர் நினைக்கிறார்கள். அந்த நினைப்பைக் கைவிடவேண்டும்.

மூலப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55-ஏ என்றொரு விதி இருந்தது. 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. சார்பதிவாளரின் வேலை பத்திரத்தைப் பதிவது. விற்கிறவனுக்கு உரிமை இருக்கிறதா என்று விசாரித்துத் தீர்ப்பது அவர் வேலையன்று என்பதே அதன் சாரம். உரிமையே இல்லாதவன் எழுதிக் கொடுத்தால், பதிந்த பத்திரம் கையில் இருக்கும், நிலம் இருக்காது!

வில்லங்கச் சான்று? அதில் பதிவான நடவடிக்கைகள் மட்டுமே வரும். பதியாத உடன்படிக்கை வராது. பாகம் கேட்டு நிற்கிற சகோதரியின் உரிமை வராது. நிலுவையில் உள்ள வழக்கு எல்லாம் அதில் வந்துவிடும் என்றும் நம்பமுடியாது.

ஆக, வாங்குகிறவன் யாரை நம்புகிறான்? கூட வந்து நிற்கிற தரகரை. அவர் சொல்லே அவனுக்கு ஆதாரம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் படிப்பும் பொறுப்பும் வேண்டாமா என்பதே நம் கேள்வி.

சட்டம் வந்தது, தெருவுக்கு வரவில்லை

சட்டமே இல்லையா? இருக்கிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் 2016 மார்ச் மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கான விதிகள் 2017 ஜூன் மாதம் வந்தன. மக்கள் வாயில் அதன் பெயர் "ரெரா".

அந்தச் சட்டத்திலே நல்லவை பல உண்டு. "தரகர், இடைத்தரகர், எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும்" அவர் ரியல் எஸ்டேட் முகவரே என்று விளக்கம் சொல்லுகிறது. 9ஆவது பிரிவு, முகவர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. பதிவு எண்ணை ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிடவேண்டும். 10ஆவது பிரிவு, பதிவு பெறாத திட்டத்தில் விற்றுக் கொடுக்கக்கூடாது, கணக்குப் புத்தகம் வைக்கவேண்டும், பொய் விளம்பரம் கூடாது, வாங்குகிறவருக்கு எல்லா ஆவணங்களும் கிடைக்கச் செய்யவேண்டும் என்கிறது. மீறினால் 62ஆவது பிரிவின்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தண்டம்; அது சொத்து விலையில் 5 விழுக்காடு வரை போகலாம். 20 லட்சம் ரூபாய் மனை என்றால் உச்சத் தண்டம் 1 லட்சம். பொய் சொல்லியோ மோசடி செய்தோ பெற்ற பதிவை ரத்தும் செய்யலாம்.

கேட்க இனிக்கிறது. ஆனால் ஓட்டை எங்கே?

முதல் ஓட்டை: இந்தப் பதிவு, மனைப்பிரிவு போடுகிற நிறுவனமோ கட்டுநரோ விற்கிற பதிவு பெற்ற திட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட நிலமோ, எட்டுக்கு மேற்படாத குடியிருப்போ என்றால் அந்தத் திட்டத்துக்கே பதிவு கட்டாயம் இல்லை. உறையூரில் ஒருவர் தம் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்கிறார். திருவானைக்கோவிலில் ஒருவர் பத்தாண்டுக்கு முன் வாங்கிய மனையைக் கைமாற்றுகிறார். திருவரங்கத்தில் வாடகைக்கு வீடு பிடிக்கிறோம். இவற்றில் நடுவே நிற்கிற தரகருக்குப் பதிவு தேவையில்லை! தொழிலாளி வாங்குவதும் விற்பதும் குடியேறுவதும் பெரும்பாலும் இந்தச் சந்தையில்தானே? சட்டம் மாளிகை வாசலில் காவல் நிற்கிறது. குடிசை வாசல் திறந்து கிடக்கிறது.

இரண்டாவது ஓட்டை: பதிவுக்குப் பணம் வேண்டும், படிப்பு வேண்டாம். தமிழ்நாட்டு விதிகளின்படி தனிநபர் முகவருக்குக் கட்டணம் 25,000 ரூபாய். நிறுவனத்துக்கு 50,000 ரூபாய். பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும். பட்டாவுக்கும் சிட்டாவுக்கும் வேறுபாடு தெரியுமா, புல வரைபடம் படிக்கத் தெரியுமா, வில்லங்கச் சான்று எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரியுமா என்பதையெல்லாம் மத்தியச் சட்டம் கேட்கவில்லை. கட்டணம் கட்டினவன் எல்லாம் தகுதி உடையவன்! இது லைசென்ஸா, டிக்கெட்டா?

மூன்றாவது ஓட்டை: ஏழைத் தரகருக்கும் கோடிக்கணக்கில் புரட்டுகிற நிறுவனத்துக்கும் கட்டணத்தில் இரட்டிப்பு வேறுபாடுதான். மாதம் ஒரு வாடகை வீடு முடிக்கிறவர் 25,000 ரூபாய்க்கு எங்கே போவார்? கட்ட முடியாதவர் ஒளிந்து தொழில் செய்வார். ஒளிந்து செய்கிற தொழிலிலே ஒழுக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது?

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

நம் தமிழர்கள் நாலு தலைமுறையாக வாழ்கிற சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே 2010இல் வீட்டு முகவர் சட்டம் வந்தது. முகவர்களைக் கண்காணிக்க ஒரு மன்றமே அமைத்தார்கள். தேர்வு எழுதித் தேறவேண்டும். பதிவு எண் பெறவேண்டும்; பொதுமக்கள் அந்தப் பெயரையும் எண்ணையும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஒரே வியாபாரத்தில் இரு தரப்புக்கும் முகவராக இருக்கக்கூடாது. முக்கியமாக, வீட்டு விற்பனைப் பணத்தை முகவர் கையால் தொடக்கூடாது! அந்த ஒரு விதி நம் ஊருக்கு வந்தால், டோக்கன் அட்வான்ஸ் கண்ணீர் பாதி குறையும்.

மலேசியாவில் 1981ஆம் ஆண்டிலேயே மதிப்பீட்டாளர், வீட்டு முகவர் ஆகியோருக்குச் சட்டம் உண்டு. முகவருக்குக் கீழே தெருவில் இறங்கி வேலை செய்கிறவர்களும் 2014 முதல் பயிற்சி பெற்று, கழுத்திலே அடையாள அட்டை மாட்டவேண்டும். அட்டை இல்லாதவனிடம் பேசாதே என்று அங்கே மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அயல்நாடு வேண்டாம் என்பீர்களா? மராட்டிய மாநிலத்தைப் பாருங்கள். இதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துக்கொண்டே, அங்குள்ள ரெரா ஆணையம் 2023இல் முகவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் என்று ஆணையிட்டது. 20 மணி நேரப் பயிற்சி; பிறகு பரீட்சை; மராத்தியிலும் எழுதலாம். 2024 தொடக்கம் முதல் சான்றிதழ் இல்லாமல் பதிவும் இல்லை, புதுப்பித்தலும் இல்லை. மத்தியச் சட்டம் குறுக்கே நின்றதா? இல்லை. மராட்டியம் செய்ததைத் தமிழ்நாடு செய்யமுடியாதா என்று கேட்கிறோம்.

"என்ன சாதி?" என்று கேட்கிற தரகு

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவரிடம் தரகர் கேட்கிற முதல் கேள்வி என்ன? வேலை என்ன என்பதா? சம்பளம் எவ்வளவு என்பதா? "நீங்க சைவமா?" என்பது. அதற்குப் பின்னாலே நிற்கிற கேள்வி என்ன என்பது கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும். சாதி கேட்டு, மதம் கேட்டு, "அந்தத் தெரு உங்களுக்குச் சரிப்படாது" என்று திருப்பி அனுப்புகிற வேலையையும் தரகர் தலையில் வீட்டுக்காரர் சுமத்திவிடுகிறார். வீட்டுக்காரர் முகம் காட்டாமல் ஒளிந்துகொள்கிறார். தரகர் அவருக்குத் திரையாகிறார்.

மருத்துவர் சாதி கேட்டு ஊசி போட்டால் சும்மா இருப்போமா? உரிமம் பெற்ற தொழிலுக்கு ஒரு கண்ணியம் உண்டு. சாதியும் மதமும் கேட்டு வீடு மறுக்கிற தரகுக்கு உரிமம் இல்லை என்று நடத்தை விதியில் எழுதவேண்டும். எழுதினால் நேர்மையான தரகருக்கும் அது பலம்: "அப்படிக் கேட்டா என் லைசென்ஸ் போயிடும் சார்" என்று வீட்டுக்காரரிடம் அவர் நிமிர்ந்து சொல்லலாம் அல்லவா?

"ஏழைத் தரகர் வயிற்றில் அடிப்பதா?"

இப்படிக் கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். தேர்வு என்றும் உரிமம் என்றும் சொல்லி, ஆங்கிலம் படித்தவர்களும் பெரிய நிறுவனங்களும் மட்டும் உள்ளே நுழைய, தேநீர்க் கடைத் தரகரை வெளியே தள்ளினால், அது சீர்திருத்தம் அன்று, பறிமுதல்!

ஆனால் அதற்காக நாம் விதியே வேண்டாம் என்று சொல்லமுடியாது. ஆட்டோ ஓட்டுகிறவர் ஏழை என்பதற்காக லைசென்ஸ் வேண்டாம் என்று சொன்னோமா? லைசென்ஸ் கட்டணத்தைக் குறை, தமிழில் நடத்து, லஞ்சத்தை ஒழி என்றோம். இங்கேயும் அதையே சொல்லுகிறோம். வாசலை உயர்த்தவேண்டாம், வாசலில் விளக்கு வைக்கவேண்டும். அறிவுக்குத் தேர்வு வையுங்கள், ஆங்கிலத்துக்கு வைக்காதீர்கள்.

நாம் கேட்பவை

1. வீடு, மனை, வாடகை எதுவானாலும், தரகுக்கூலி வாங்குகிற ஒவ்வொருவருக்கும் பதிவு வேண்டும். கைமாற்று விற்பனையும் வாடகையும் மத்தியச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றால், மாநிலமே தனிச் சட்டம் கொண்டுவரவேண்டும்.

2. பதிவுக்கு முன் பயிற்சியும் தேர்வும் வேண்டும். தமிழில், எளிய முறையில், திருச்சி போன்ற ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும்.

3. கட்டணத்தில் படிநிலை வேண்டும். வாடகை வீடு மட்டும் பார்க்கிற சிறு தரகருக்குச் சிறு கட்டணம்; பெருநிறுவனத்துக்குப் பெருங்கட்டணம்.

4. அடையாள அட்டையும் எண்ணும் வேண்டும். சுவரொட்டியிலும் வாட்ஸ்அப் விளம்பரத்திலும் எண் இல்லாவிட்டால் தண்டம்.

5. எழுத்து ஒப்பந்தம் வேண்டும். கூலி எவ்வளவு, யார் தருவது, இருபுறமும் வாங்குகிறாரா என்பது முதல் நாளே எழுத்தில் இருக்கவேண்டும். அது வாங்குகிறவனையும் காக்கும். கூலி மறுக்கப்படுகிற தரகரையும் காக்கும்.

6. முன்பணத்தைத் தரகர் தொடக்கூடாது. வங்கி வழியே விற்கிறவர் கணக்குக்கே போகவேண்டும்.

7. தெரிந்ததை மறைத்தால் உரிமம் ரத்து. அடிமனை, வழக்கு, வெள்ளம், அங்கீகாரமின்மை எதுவானாலும்.

8. சாதி, மதம் கேட்டு மறுத்தால் உரிமம் ரத்து.

எட்டே கோரிக்கைகள். எட்டாத கோரிக்கை ஒன்றும் இல்லை!

அதுவரை நம் வேலை

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டியதில்லை, தோழர்களே. ஒவ்வொரு படிப்பகத்திலும் ஒரு மேசை போடுங்கள். செல்பேசியில் பட்டாவும் வில்லங்கமும் பார்க்கத் தெரிந்த இளைஞர் இருவரை மாலை நேரத்தில் உட்காரவையுங்கள். மனை வாங்கப் போகிற தொழிலாளி, பணம் கொடுப்பதற்கு முன் அந்த மேசைக்கு வரட்டும்.

அவரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்த்தீர்களா? முப்பது ஆண்டு வில்லங்கம் எடுத்தீர்களா? பட்டா யார் பேரில் இருக்கிறது? புல வரைபடத்தில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒன்றா? மனைப்பிரிவு என்றால் அங்கீகார எண் என்ன, ரெரா எண் என்ன. ஆணையத்தின் இணையப் பக்கத்தில் அந்த எண் இருக்கிறதா? கோயில் நிலமா, வாய்க்கால் புறம்போக்கா? விற்கிறவரை நேரில் பார்த்தீர்களா, தரகர் வழியேதான் பேசினீர்களா? வாரிசுகள் எத்தனை பேர், எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்களா? மழைக்காலத்தில் அந்த இடத்தைப் பார்த்தீர்களா? ஒரு வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டினீர்களா?

இவற்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும், "இன்றைக்குப் பணம் கொடுக்காதீர்கள்" என்று சொல்லுங்கள். "நாளைக்குக் கிடைக்காது" என்று தரகர் பயமுறுத்தினால், கிடைக்காமலே போகட்டும். போன மனை வேறு இடத்தில் கிடைக்கும். போன சேமநிதி கிடைக்காது.

கட்டுநரோ மனைப்பிரிவுக்காரரோ, அவருக்காகப் பேசிய முகவரோ ஏமாற்றியிருந்தால், 31ஆவது பிரிவின்படி ரெரா ஆணையத்தில் முறையிடலாம். ஆணையம் விதிக்கிற தொகையை நிலவரி பாக்கி போல வசூலிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. முறையீடு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். அதுவும் இயக்கப் பணிதான்.

நேர்மையான தரகர்களையும் அந்த மேசைக்கு அழையுங்கள். அவர்களைச் சங்கமாகத் திரட்டுங்கள். "எங்களுக்குத் தேர்வு வை, எங்களுக்கு அட்டை கொடு, எங்கள் பெயரைக் கெடுக்கிறவனை வெளியேற்று" என்று கேட்கிற முதல் குரல் அவர்களுடையதாகவே இருக்கட்டும். உழைத்து உண்கிற எந்தத் தொழிலும் இழிவானதன்று. பொறுப்பேற்க மறுக்கிற தொழில்தான் இழிவு.

பாய்லர் குழாயில் பற்று வைக்கிறவனுக்குத் தேர்வு வைத்தவர்கள், அவன் வாழ்நாள் சேமிப்பில் கை வைக்கிறவனுக்கும் தேர்வு வைக்கட்டும். அவன் பிழையில்லாமல் செய்த பற்றுகள் ஊருக்கு வெளிச்சம் தருகின்றன. அவன் தலைக்கு மேல் ஒரு கூரை, அந்தக் கூரைக்குக் கீழே வழக்கில்லாத ஒரு துண்டு மண். அதைக் கேட்பது சலுகை அன்று, தோழர்களே. உரிமை!